தண்ணீர் நின்ற அத்திவாரம்

உடையார்கட்டு
14.05.2023

அன்புத் தங்கச்சி கலிஸ்ராவுக்கு,

சர்வேசுரனுக்குத் தோத்திரம். நானும் உன் மச்சாளும் சுகமாய் இருக்கிறோம். மலைக்குளிரில் உன் இருமல் எப்படி? மடத்தில் உனக்கு வேறு பெயர் என்று தெரியும். ஆனால் உன்னைச் சிஸ்டர் என்று எழுத என் பேனை வளையவில்லை. மதர் கோபிக்க மாட்டா என்று நம்புகிறேன்.

ஊரே போனில் முகம் பார்த்துக் கதைக்கிற காலத்தில் நான் மட்டும் தபால் கந்தோரில் முத்திரை ஒட்டிக்கொண்டு நிற்கிறேன். நீ உலகத்தை விட்டுக் கதவைச் சாத்திக்கொண்டதற்கு எனக்குத் தண்டனை.

விசயத்துக்கு வருகிறேன். முல்லைத்தீவில் அப்பாவின் கடற்கரை வளவில் வீடு கட்டத் தொடங்கிவிட்டேன். சுனாமிக்குப் பிறகு அந்த மண்ணில் நான் ஒரு தடிகூட நட்டதில்லை. பிறகு சண்டை, இடம்பெயர்வு, முகாம், திரும்பி வந்து மச்சாளின் தமக்கை வளவில் ஒரு சின்ன வீடு என்று காலம் போய்விட்டது. இங்கிருந்து மோட்டார் சைக்கிளில் கடலுக்குப் போய்வர இனி முழங்கால் விடாது. கடற்றொழில்காரன் கடலுக்குப் பக்கத்தில்தானே இருக்கவேண்டும்.

மேசன் நெளுக்குளத்துச் சுதாகரன். அத்திவாரம் வெட்டும்போது அப்பா வைத்த கருங்கல் வரிசை அப்படியே மண்ணுக்குள் கிடந்தது. தூசியைத் தட்டிவிட்டு அதன்மேல் கொஞ்சநேரம் இருந்தேன். சுதாகரன் வேலையை நிறுத்திவிட்டு பீடி பற்றவைத்துக்கொண்டு அங்கால் போய்விட்டான். நல்ல பொடியன்.

பழைய வீட்டில் உப்புத்தண்ணி சுவரில் ஏறி எங்களைப் படுத்திய பாடு உனக்கு மறந்திருக்காது. இந்தமுறை ஒரு சொட்டு ஏறவிடமாட்டேன். அத்திவாரத்தைக் கழுவி, பூசி, நன்றாய்க் காயவிட்டு, தார் அடித்துத்தான் மேலே கல் வைப்பேன். உன் செபத்தில் சீமெந்தையும் நினைத்துக்கொள்.

அன்பு அண்ணன்,
ஸ்ரனிஸ்லஸ்


மடம்
11.06.2023

அன்புள்ள அண்ணாவுக்கு,

இயேசுவின் திருஇருதயம் உங்கள் இரண்டு பேரையும் காக்கட்டும். இருமல் குறைவு. முழங்காலுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன், இங்கே காய்ச்சுவது. கொட்டிவிடாமல் பூசுங்கள்.

உங்கள் கடிதத்தை வாசித்து முடிக்க எனக்கு ஒரு கிழமை எடுத்தது. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாய் வாசித்தேன். அப்பாவின் கல்லில் இருந்தீர்களா! எந்தப் பக்கத்துக் கல்? முன்விறாந்தைப் பக்கமா, நெல்லி மரத்தடியா?

அந்தச் சுவரை எப்படி மறப்பேன்? ஒவ்வொரு நத்தாருக்கும் அம்மா சுண்ணாம்பு அடிப்பா. இரண்டு கிழமையில் ராசாக்கள் திருநாள் வரமுதல் பழையபடி பொருக்கு வெடித்து, சோற்றுக் கோப்பைக்குள் விழும். அந்த ஈரக்கறையில் நீங்கள் இலங்கைப் படம் கண்டுபிடித்தீர்கள், நான் அந்தோனியாரைக் கண்டுபிடித்தேன். எது சரி என்று அம்மாவிடம் வழக்குக்குப் போனோம். மாரி வந்தால் அறைக்கதவு ஊதிவிடும். இரண்டு பேரும் ஒன்றாய்ப் பிடித்து உள்ளுக்கு இழுப்போம். திறந்ததும் மல்லாக்க விழுவோம். "கதவை உடைச்சுப்போட்டுத்தான் ஓயப்போறியளோ?" என்று அம்மா குசினியில் இருந்து கத்துவா. இன்றைக்கும் தியான நேரத்தில் அது ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்த சிஸ்டர் எனக்கு ஏதோ காட்சி கிடைத்துவிட்டது என்று நினைத்திருப்பா.

ஒன்று கேட்கவேண்டும். இராசாத்தி மச்சாள் என்ன சொல்கிறா? குசினியை எந்தப் பக்கம் வைக்கச் சொன்னா?

மன்றாட்டுகளோடு,
கலிஸ்ரா


உடையார்கட்டு
23.07.2023

அன்புத் தங்கச்சிக்கு,

ஆண்டவர் கிருபையால் குறையொன்றும் இல்லை. தைலம் வந்தது. முழங்கால் மணக்கிறது, நோவும் இருக்கிறது.

கருங்கல் வேலை முடிந்துவிட்டது. இப்போது கழுவல். எங்கள் கிணற்றுத் தண்ணியைச் சுதாகரன் ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பினான். "இந்தத் தண்ணியில கழுவினா உப்பை நாங்களே பூசின மாதிரி, ஐயா" என்றான். அதனால் கடலுக்குத் தள்ளி உள்ளூரில் இருந்து பவுசர் வண்டியில் நல்ல தண்ணி இறக்கினோம். கம்பித் தூரிகையால் கல்லுக் கல்லாய்த் தேய்த்தேன். இடுக்கில் இருந்த மண், சிப்பி, வேர்த்தும்பு எல்லாம் சுரண்டி எடுத்தேன். தோணி பழுதுபார்க்கிற கைக்கு இது பெரிய வேலையா? சுரண்டுவது, கழுவுவது, காயவிடுவது, பூசுவது. இரண்டும் ஒரே வேலைதான். சுதாகரன் தோணியில் ஏறினால் வாந்தி எடுக்கிறவன், அவனுக்கு இது விளங்காது.

நீ கேட்ட கல் நெல்லி மரத்தடிப் பக்கம். மரம் இல்லை.

மச்சாள் சுகம். உனக்கு இறால் கருவாடு சுற்றி வைத்திருக்கிறாள். மடத்தில் அதற்கு அனுமதி உண்டோ தெரியாது என்று சொல்லி, பிறகும் சுற்றினாள்.

அன்பு அண்ணன்,
ஸ்ரனிஸ்லஸ்


மடம்
20.08.2023

அன்புள்ள அண்ணாவுக்கு,

பரலோக மாதாவின் திருநாளை இங்கே நல்லபடி கொண்டாடினோம். உங்களுக்கும் மச்சாளுக்கும் என் அன்பு. கருவாட்டுக்கு அனுமதி கிடைத்தது. சமைத்த அன்று மடம் முழுக்க முல்லைத்தீவு மணத்தது. சிங்களச் சிஸ்டர்மாரும் மிச்சம் வைக்கவில்லை.

கம்பித் தூரிகையைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். நான் கேட்ட கேள்விக்குக் கருவாடு வந்திருக்கிறது.

அண்ணா, நான் உள்ளே இருக்கிறவள்தான், ஆனால் ஒன்றும் விளங்காத பேய்ச்சி இல்லை. அந்த வளவில் சுனாமியோடு அம்மாவும் நிறஞ்சனாவும் போனார்கள். அதற்குப் பிறகு உங்கள் கடிதம் எதிலும் பிள்ளையின் பெயர் இல்லை. நான் எழுதுகிறேன்: நிறஞ்சனா. நான் மடத்துக்கு வரும்போது அவளுக்கு இரண்டு வயது. சுவரில் பூத்த உப்பை நக்கிவிட்டு, முகத்தைச் சுழித்து, திரும்பவும் நக்குவாள். என் கன்னத்தையும் அப்படித்தான் நக்கினாள், பிரிகிற அன்று நான் அழுதுகொண்டிருந்தேன். நீங்கள் எழுதாவிட்டால் அவள் இல்லை என்று ஆகிவிடாது.

பிள்ளையைப் பறிகொடுத்த இடத்துக்கு மச்சாள் குடிவரச் சம்மதித்தாவா? ஓம் அல்லது இல்லை என்று எழுதுங்கள். தாரைப் பற்றி அதற்குப் பிறகு எழுதலாம்.

மன்றாட்டுகளோடு,
கலிஸ்ரா


உடையார்கட்டு
30.09.2023

அன்புத் தங்கச்சிக்கு,

சுகம். நீயும் அப்படியே இருக்கவேண்டும்.

இல்லை.

"நீங்கள் போங்கோ. நான் உங்களை மறிக்கேல்லை. என்னைக் கூப்பிடாதேங்கோ" என்றாள். அத்திவாரம் வெட்டமுதல் சொன்னது. அதற்குப் பிறகு அதைப்பற்றி ஒரு சொல் இல்லை. நான் கடற்கரையால் வர, தலையில் மண் இருந்தால் தட்டிவிடுவாள். எங்கே பட்டது என்று கேட்கமாட்டாள். வளவைப் பார்க்க ஒருநாளும் வரவில்லை. சுனாமிக்குப் பிறகு அவள் கடலைப் பார்த்ததே இல்லை. கோயில் திருநாளுக்கும் உள்வீதியால் போய் உள்வீதியால் வருவாள்.

உனக்கு நான் முழுவதும் எழுதவில்லை. அப்போது எழுத ஏலாது. அன்று நான் எஞ்சின் சாமான் எடுக்கப் புதுக்குடியிருப்புக்குப் போயிருந்தேன். இராசாத்தி தமக்கையைப் பார்க்க உடையார்கட்டுக்குப் போனாள். பிள்ளைக்குக் காய்ச்சல், அதனால் அம்மாவோடு அறையில் விட்டுவிட்டுப் போனாள். தண்ணி வந்து, அடித்து, வெளியே வடிந்துவிட்டது. கம்பி யன்னலால் அறைக்குள் புகுந்தது வடியவில்லை. அப்பா கட்டிய சுவர், உடையவில்லை. உள்ளுக்கு இழுத்துத் திறக்கிற கதவு, தண்ணிப் பாரத்துக்கு அசையவில்லை. அம்மா தனி ஆள்.

அவள் வராவிட்டால் நான் அங்கேயும் அவள் இங்கேயுமாய் இருக்கவேண்டியதுதான். இந்த வயதில் அது எனக்கு விருப்பமில்லை. கடலை விட்டாலும் நான் உயிரோடு இருக்கமாட்டேன். ஒரு துளி தண்ணி உள்ளே வராத வீட்டைக் கட்டிக் காட்டினால் மனம் மாறுவாள் என்றுதான் இப்படித் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறேன்.

ஸ்ரனிஸ்லஸ்


மடம்
18.10.2023

அன்புள்ள அண்ணாவுக்கு,

தேவமாதா உங்கள் பக்கத்தில் நிற்கட்டும்.

அந்தக் கதவை எழுதிச் சிரித்தேனே. அந்தக் கடிதத்தை எரித்துவிடுங்கள். அல்லது வேண்டாம், வைத்திருங்கள், நாங்கள் விழுந்ததும் உண்மைதான். இரண்டு பேர் இழுத்தால் திறந்த கதவு. எனக்கு வேறு எதுவும் எழுத வருகுதில்லை. கோயிலில் போய் இருந்தேன், செபம் வரவில்லை, அழுகைதான் வந்தது.

ஆனால் ஒன்றைச் சொல்லவேண்டும். நான் அந்த வீடு அழிந்ததைக் கண்ணால் காணவில்லை. எனக்கு அது இன்னும் நிற்கிறது. நெல்லி மரமும் நிற்கிறது. உங்களுக்கும் அப்படித்தானோ என்று பயமாய் இருக்கிறது. அதையே திருப்பிக் கட்டப் பார்க்கிறீர்கள். எனக்காகவும் அப்பாவுக்காகவும் கட்டவேண்டாம். அப்பா பார்க்கப்போவதில்லை, நானும் பார்க்கப்போவதில்லை. அதில் இருக்கவேண்டியவ மச்சாள். எப்படிப்பட்ட வீடு வேண்டும் என்று அவவிடம் கேட்டீர்களா?

அடுத்த கிழமை எங்களுக்கு நீண்ட வருடாந்தத் தியானம் தொடங்கும். அதன்பிறகு திருவருகைக் காலம் வந்துவிடும், நத்தார் வரும்வரை கடிதம் எழுதவும் வாசிக்கவும் முடியாது. நீங்கள் எழுதுங்கள். மதர் பத்திரமாய் எடுத்துவைப்பா.

மன்றாட்டுகளோடு,
கலிஸ்ரா


உடையார்கட்டு
09.11.2023

அன்புத் தங்கச்சிக்கு,

தோத்திரம். உடம்பு கல்லுப்போல் இருக்கிறது. நீ தியானத்தில் இருப்பாய், நத்தாருக்கு வாசித்துச் சந்தோசப்படு.

தங்கையின் கலியாணத்துக்கென்று சுதாகரன் ஸ்கந்தபுரத்துக்குப் போய்விட்டான். போகும்போது, "வெளிப்பக்கம் தார் அடியுங்கோ ஐயா, உள்ளுக்கு மண் நிரப்ப நான் வாறன்" என்றான். தாராம்! தார் அந்தக் காலத்துச் சரக்கு. தோணி ஓட்டையை நாங்கள் இப்போது தாரால் அடைக்கிறோமா? பைபர் பாயும் றெசினும் வாங்கினேன். தோணிக்கு ஒட்டுகிற மாதிரியே வெளிப்பக்கம் முழுக்க ஒட்டினேன். கை வந்த வேகத்தில் உள்பக்கமும் ஒட்டினேன். கீழே இருந்து தண்ணி ஊறினால்? அடியில் பொலித்தீன் விரித்து, மெல்லிசாய்க் கொன்கிறீற் போட்டு, மூலைகளையும் பாய் வைத்து அடைத்துவிட்டேன்.

தட்டிப்பார்த்தேன், தோணி மாதிரியே சத்தம் கேட்கிறது. இதைத் தூக்கிக் கடலில் விட்டாலும் மிதக்கும். இனி இராசாத்திக்குச் சொல்ல ஒரு சாட்டும் இல்லை. வரும் ஞாயிறு பூசை முடியக் கூட்டிக்கொண்டு வந்து காட்டப்போகிறேன்.

பெருமையுள்ள அண்ணன்,
ஸ்ரனிஸ்லஸ்


உடையார்கட்டு
28.11.2023

தங்கச்சிக்கு,

சுகம் என்று எழுதுவதுதான் முறை, எழுதுகிறேன்.

ஞாயிறு கூப்பிட்டேன், வரவில்லை. திங்கள் மழை பிடித்தது, விடவில்லை. எங்கள் கடற்கரை மணல் உனக்குத் தெரியும், எவ்வளவு பெய்தாலும் குடித்துவிடும். ஊர் முழுக்கக் குடித்துவிட்டது. எங்கள் அத்திவாரத்துக்குள் மட்டும் முழங்காலளவு தண்ணி நிற்கிறது. வெளியே இருந்து ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. உள்ளே இருந்து ஒரு சொட்டு வெளியேயும் போகவில்லை.

ஊர்ச்சனம் வந்து வந்து பார்க்கிறது. செல்வராசா, "அண்ணை, மீன்குஞ்சு விடுவமோ?" என்று கேட்டான். எவனோ ஒரு கூடு கொண்டுவந்து வைத்திருக்கிறான், நண்டு பிடிக்கவாம். வாளியால் அள்ளி ஊற்றினேன். அள்ளிய அளவு பெய்தது. கலியாணம் முடிந்து சுதாகரன் வந்து பார்த்தான். அங்கால் திரும்பி நின்று தோள் குலுங்கச் சிரித்தான். "ஒரு மூலையை உடைச்சுவிடுவம்" என்றான். நான் விடவில்லை. இவ்வளவு பாடுபட்டு அடைத்ததை என் கையால் எப்படி உடைக்கிறது? தவிர, உடைத்தால் இராசாத்தி வரமாட்டேன் என்றதுதான் சரி என்று ஆகிவிடும்.

அவளுக்கு நான் சொல்லவில்லை. மீன்காரிகள் சொல்லிவிடுவார்கள்.

ஸ்ரனிஸ்லஸ்


மடம்
27.12.2023

அன்புள்ள அண்ணாவுக்கும் மச்சாளுக்கும்,

பிறந்த பாலன் உங்கள் வீட்டில் தங்கட்டும்.

இரண்டு கடிதத்தையும் நத்தாரன்று மதர் தந்தா. முதல் கடிதத்தைச் சத்தமாய் வாசித்தேன். இரண்டாவதற்கு வரும்போது சிஸ்டர்மார் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். எங்கள் அண்ணா வீட்டைத் தோணியாய்க் கட்டி, தண்ணியை வெளியே விட்டு மூடாமல் உள்ளே விட்டு மூடிவிட்டார்! ஆனால் நான் எல்லாரையும் போல் சிரிக்கவில்லை. எனக்குச் சிரிப்பு இடையில் நின்றுவிட்டது. அந்த இடத்தில், ஒரு வீட்டுக்குள், தண்ணி நிற்கிறது.

நேற்று இருபத்தாறாம் திகதி. அம்மாவுக்கும் நிறஞ்சனாவுக்கும் பூசை ஒப்புக்கொடுத்தோம். பெயர் சொல்லித்தான்.

மச்சாள், இது உங்களுக்கு. இத்தனை வருடத்தில் உங்கள் கையெழுத்தை நான் கண்டதில்லை. கருவாட்டைத்தான் கண்டிருக்கிறேன். உங்களை அங்கே போகச் சொல்லி நான் கேட்கமாட்டேன். அண்ணா கேட்டாலும் போகவேண்டியதில்லை. எழுதவேண்டும் என்றும் இல்லை. நான் உங்களை நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்தால் போதும்.

மன்றாட்டுகளோடு,
கலிஸ்ரா


உடையார்கட்டு
21.01.2024

அன்பான மச்சாளுக்கு,

தோத்திரம். நாங்கள் சுகம். உங்கள் இருமலுக்குத் தூதுவளை காயவைத்து அனுப்புகிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தவக்காலம் வந்தால் நீங்கள் வாசிக்கமாட்டீர்கள் என்று அவர் சொன்னார், அதனால் கெதியாய் எழுதுகிறேன். அவருக்கு வாசிக்கக் கொடுக்கவில்லை.

மீன்காரி கௌசலாதான் வந்து சொன்னாள். "இராசாத்தியக்கா, உங்கட புதுவீட்டுக்குள்ள தண்ணி நிக்குதாம்" என்று சொல்லிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அடுப்பில் சோறு வெந்துகொண்டிருந்தது. இறக்கி வைத்தேனோ என்றுகூட ஞாபகம் இல்லை. வஸ் ஏறிவிட்டேன். கடற்கரை றோட்டில் இறங்கித்தான் எங்கே வந்திருக்கிறேன் என்று தெரிந்தது.

உங்கள் அண்ணா அத்திவாரக் கட்டின்மேல் வாளியோடு இருந்தார். என்னைக் கண்டதும் எழும்பினார், களவு பிடிபட்ட மாதிரி. நான் நேரே தண்ணிக்குள் இறங்கினேன். மழைத்தண்ணி, குளிராய் இருந்தது. சுதாகரனிடம் கல் குத்துகிற அலவாங்கைக் கேட்டேன். உங்கள் அண்ணாதான் எடுத்துத் தந்தார். நான் அவரைத் திட்டுவேன் என்று நினைத்திருக்கிறார். எனக்குக் கோபமே வரவில்லை. பாவம், எனக்காக எப்படி ஒட்டியிருந்தார்! குத்தக் குத்த அசையவில்லை. "கை நோகும், நான் குத்திறன்" என்றார். "விடுங்கோ" என்றேன். கைத்தோல் கழன்ற பிறகுதான் ஓட்டை விழுந்தது. பிறகு அது தானாய்ப் பெருத்தது. தண்ணி முழுக்கப் போய் முடியும்வரை நின்றேன். பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. மணல் குடித்துவிட்டது.

அதற்குப் பிறகு கடலைப் பார்த்தேன். அது பாட்டுக்கு இருந்தது.

நான் அந்த வீட்டுக்குக் குடிபோகிறேன் மச்சாள். ஒருவரும் கேட்டு இல்லை. பாஸ்குத் திருநாளுக்கு முதல் கூரை போடவேண்டும் என்று அவரைக் கலைத்துக்கொண்டிருக்கிறேன். கதவு, யன்னல் எல்லாம் வெளிப்பக்கம் திறக்கவேண்டும் என்று சொல்லிவிட்டேன். குசினி எந்தப் பக்கம் என்று நீங்கள் கேட்டதாம். கடல் பக்கம். சமைக்கும்போது அது என்ன செய்கிறது என்று எனக்குத் தெரியவேண்டும்.

இதை இதுவரை ஒருவருக்கும் சொல்லவில்லை, உங்கள் அண்ணாவுக்கும்தான். சுனாமி அன்று நான் உடையார்கட்டில் இருந்து ஓடிவந்து சேர்ந்தபோது அறைக்குள் தண்ணி அப்படியே நின்றது. ஆம்பிளைகள் வெளியே நின்று சுவரைக் குத்திக்கொண்டு இருந்தார்கள். நானும் குத்தவேண்டும் என்று கேட்டேன். என் பிள்ளை உள்ளே இருக்கிறாள் என்று கத்தினேன். விடவில்லை. நாலு பேர் கையையும் காலையும் அமத்திப் பிடித்துக்கொண்டார்கள். நல்லதுக்குத்தான் பிடித்தார்கள். ஆனால் தண்ணி வடிந்து முடியும்வரை பிடித்த பிடியை விடவில்லை.

இந்தமுறை என்னை ஒருத்தரும் பிடிக்கவில்லை.

உங்கள் மச்சாள்,
இராசாத்தி